நித்திரைக் கண்ணரும் தையல்கார ஆடும்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு பேனை பிடித்தது கையெழுத்து வைக்க மட்டும்தான். ஒரு வசனத்தைத் தொடங்கினால் எங்கே முடிப்பது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருப்பேன். குறை நினைக்க வேண்டாம். மறதியும் இருக்கிறது. முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்கு எழுதியிருந்தால் வாசிக்கிறவர்கள்தான் சரிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வாசிகசாலைப் பிள்ளைகள் வந்து, எங்கள் கொலனியின் பழைய கதைகளைச் சேர்த்து மலர் ஒன்று போடப்போகிறோம், நீங்களும் ஒன்று எழுதித் தாங்கோ என்று கேட்டபோது நான் குசினிக்குள் போய் நின்றுவிட்டேன். ஆட்களுக்கு முன்னால் கதைக்க எனக்கு எப்போதும் கூச்சம். மற்றவர்கள் காடு வெட்டியதையும் யானை வந்ததையும் குளம் உடைப்பெடுத்ததையும் எழுதுவார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு வெள்ளைக்கார நடிகரைப் பற்றியும் ஓர் ஆட்டைப் பற்றியும்தான். அதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் போன மாதம் பேத்தியின் போனில் அந்த நடிகரைக் கண்டுவிட்டேன். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

பேத்தி கட்டிலில் குப்புறக் கிடந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன இவ்வளவு சிரிப்பு என்று நானும் எட்டிப் பார்த்தேன். பழைய காலத்துக் கார்ட்டூன் படம். ஓர் ஆடு, கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு தையல் கடை வைத்திருக்கிறது. கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு, நீள முகமும் பாதி மூடிய கண்ணுமாக ஒரு மனிதர் உள்ளே வருகிறார். வந்து நின்று, ஒற்றைப் புருவத்தை மட்டும் மெல்ல மெல்ல மேலே ஏற்றுகிறார். என் கையில் இருந்த தேத்தண்ணி சீலையில் ஊற்றுண்டது.

"இவரை எனக்குத் தெரியும்" என்றேன்.

"அம்மம்மா, இது கீறின ஆள். அந்தக் காலத்து இங்கிலீசு நடிகர் ஒருத்தரைப் பகிடிக்குக் கீறி விட்டிருக்கினம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று பேத்தி கேட்டாள்.

எப்படித் தெரியும் என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பெற்ற ஐயாவுக்குக் குளத்துக்குக் கீழே அரசாங்கக் காணி கிடைத்து, நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெடுங்கேணிப் பக்கம் குடியேறிய காலம் அது. ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் சைக்கிளில் புளியங்குளத்துக்குப் போய், சைக்கிளைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து வவுனியாவுக்குப் போகவேண்டும். பெண்பிள்ளைகளுக்கு அது நடக்காத காரியம். அதனால் எங்கள் கொலனியில் ஒரு வழக்கம் இருந்தது. படம் பார்த்துவிட்டு வருகிறவர், அந்தப் படத்தை மற்ற எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். சும்மா கதையைச் சொல்லிவிட்டு எழும்ப விடமாட்டார்கள். யார் எப்படி நடந்தார், எப்படி அழுதார், எந்தச் சேட்டுப் போட்டிருந்தார், எல்லாம் வேண்டும். பொழுது படுகிற நேரம் வாய்க்கால் மதகில் சனம் கூடும். பெண்கள் உலையை இறக்கிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். படம் சொல்கிறவர் மதகுக் கட்டில் ஏறி நிற்பார்.

சொல்கிறவர்களில் எங்கள் சின்ன மாமாவுக்கு மேலே ஆள் இல்லை. சின்ன மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் கட்டவில்லை. எங்களோடு இருந்து ஐயாவின் வயலில் வேலை செய்தார். அதற்கு முன் கொஞ்சக் காலம் திருகோணமலையில், துறைமுகத்தில் வேலை செய்ததாகவும், அங்கே வெள்ளைக்காரருக்குப் போடுகிற இங்கிலீசுப் படம் ஒன்றும் விடாமல் பார்த்ததாகவும் சொல்வார். தமிழ்ப் படம் சொல்கிறவர்களுக்கு ஒரு கரைச்சல் இருந்தது. அதே படத்தைப் பார்த்த இன்னொருவர் நடுவில் எழும்பி, அந்தப் பாட்டு அதிலை இல்லை, பிறகுதான் வரும் என்று குழப்பிவிடுவார். சின்ன மாமாவின் படத்தில் யாரும் அப்படிக் குழப்ப முடியாது.

அவருடைய படங்களில் எல்லாம் ஒரே நடிகர்தான் வருவார். அவருடைய பெயர் எங்கள் வாய்க்குள் நுழையாது என்று மாமா சொல்லிவிட்டதால், கொலனிச் சனம் அவருக்கு நித்திரைக் கண்ணர் என்று பெயர் வைத்தது. என்ன நடந்தாலும் அவருக்குக் கண் பாதிதான் திறக்கும். கோபம் வந்தாலும் ஒரு புருவம்தான் எழும்பும். மாமா முகத்தை நீட்டி, இமையைத் தொங்கவிட்டு, சாரத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, முழங்கால் மடியாமல் மதகில் நடந்தாரென்றால் சிரித்துச் சிரித்துச் சனத்துக்கு வயிறு நோகும். நித்திரைக் கண்ணர் ஒரு காசுக்காரனுக்குப் பல்லுப் பிடுங்கும் டொக்டராக வந்த படம் ஒன்று. பொலிஸ்காரராக வந்து கள்ளனோடு ஒரே கட்டிலில் நித்திரையாகிப் போன படம் ஒன்று. எல்லாவற்றிலும் சனம் திரும்பத் திரும்பக் கேட்டது கோட்டுப் படத்தைத்தான்.

அதில் நித்திரைக் கண்ணருக்குக் கல்யாணம். கோட்டுத் தைக்கத் தையல்காரனிடம் துணி கொடுக்கிறார். தையல்காரன் பெரிய கள்ளன். அளவு பார்க்கப் போகிற ஒவ்வொரு முறையும் கோட்டுக் கட்டையாகிக்கொண்டே வருகிறது. முதலில் முழங்காலுக்கு, பிறகு இடுப்புக்கு, பிறகு கமக்கட்டுக்கு. நித்திரைக் கண்ணர் ஒரு சொல் ஏசவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்துகிறார். கடைசியில் துணியே இல்லை, ஒரு பொத்தான்தான் மிச்சம். அதைக் கையில் ஏந்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறார். கல்யாணப் பொம்பிளை அதை வாங்கி, தன்னுடைய தலைப் பூவிலிருந்து நூல் எடுத்து, அவருடைய சேட்டில் தைத்துவிடுகிறாள். அந்த இடத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சுவார்கள்.

இந்த நடிப்பில் எனக்கும் ஓர் உத்தியோகம் இருந்தது. அரிக்கன் லாம்பு பிடிக்கிறது. மாமாவின் காலடியில் குந்தியிருந்து, வெளிச்சம் கீழேயிருந்து முகத்தில் விழும்படி லாம்பைத் தூக்கிப் பிடிப்பேன். அவர் இடது கையின் சின்ன விரலை அசைத்தால் திரியை ஏற்ற வேண்டும், மடக்கினால் இறக்க வேண்டும். புருவம் எழும்புகிறபோது திரியும் எழும்பினால்தான் நிழல் நெற்றியில் ஏறும். அந்த விரலைப் பார்க்கத் தெரிந்தது கொலனியிலேயே என் ஒருத்திக்குத்தான். வகுப்பில் வாய் திறக்காத, ஆட்களைக் கண்டால் அம்மாவின் சீலைக்குப் பின்னால் ஒளிக்கிற பிள்ளை நான். ஆனால் அந்த மதகில் எல்லாரும் மாமாவைப் பார்க்கிறபோது, அந்த வெளிச்சம் என்னுடையது என்று எனக்குள் ஒரு பெருமை. மாமாவும் படம் முடிந்ததும் முதலில் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார். லாம்பின் சிமினிக் கண்ணாடியைத் துடைக்க வேறு யாரையும் விடமாட்டேன்.

அந்த ஆவணி விடுமுறைக்குப் பெரியம்மாவின் மகள் வந்தாள்.

என்னைவிட மூத்தவள், அக்கா முறை. யாழ்ப்பாண ரவுணில் வளர்ந்த பட்டணத்துப் பிள்ளை. வாயால் கதைக்கும்போது அவா, இவா என்று மரியாதையாகத்தான் சொல்வேன். எழுதும்போது பாருங்கள், கை தானாகவே அவள் என்று எழுதுகிறது. அதை மாற்றவேண்டாம் என்று, பிழை பார்க்கிற பேத்தியிடமும் சொல்லிவிட்டேன்.

அக்கா பஸ்ஸால் இறங்கும்போதே காலில் செருப்பு. நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க, அவளுக்கு மட்டும் அம்மா சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். சீனி தேத்தண்ணிக்குள் கரைந்துபோவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் பொறுத்திருப்பேன். மாமா அவளைக் கண்டதும், எடி பிள்ளை, எவ்வளவு வளந்திட்டாய் என்று தலையைத் தடவினார். அவளுக்கும் அவர் தாய்மாமன்தான் என்பதை அன்றுவரை நான் யோசித்ததே இல்லை. அது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

அன்று மாலை மதகில் கோட்டுப் படம். ரவுணிலிருந்து விருந்தாளி வந்திருப்பதால் அவளை முன்னுக்குச் சாக்கு விரித்து இருத்தினார்கள். நான் லாம்போடு என் இடத்தில். மாமா நன்றாகத்தான் தொடங்கினார். நடை முடிந்து முதலாவது புருவம் எழும்பிய நேரம், எல்லாரும் சிரிக்க, அக்கா சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மாமா, அது இன்னாரோ என்று ஒரு பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை எனக்கு எழுத வராது. மாமா ஓம் என்று தலையாட்டினார்.

"அவர் அப்பிடி நடக்கிறேல்லை, மாமா. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர். அவர் பகிடி விடுற ஆளே இல்லை. அழப்பண்ணுற நடிகர்" என்றாள் அக்கா.

சிரித்துக்கொண்டிருந்த சனம் அவள் பக்கம் திரும்பியது. மாமாவின் சின்ன விரல் அசைந்தது. ஏற்றவா இறக்கவா என்று எனக்கு விளங்கவில்லை.

"அது வேறை படம், பிள்ளை" என்றார் மாமா. பிறகு மிச்சப் படத்தைச் சொல்லி முடித்தார். பொம்பிளை பொத்தான் தைக்கிற இடத்தில் வழக்கம்போல் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ஆனால் மாமா முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்.

அடுத்த நாள் காலை மாமா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வாறியோ பிள்ளை, வாய்க்கால் காட்டுறன் என்று அக்காவைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு வாய்க்கால் காட்டத் தேவையில்லைதான். நான் அதில் குளித்து வளர்ந்தவள். என்றாலும் ஒரு சொல் கேட்டிருக்கலாம். நான் பின்னால் போய், வரம்பில் நின்ற நாயுருவிப் பற்றைக்குள் குந்தியிருந்து பார்த்தேன். இரண்டு பேரும் மதகில் இருந்தார்கள். மாமா குனிந்துகொண்டு கனநேரம் கதைத்தார். என்னோடு அவர் அப்படி ஒருநாளும் கதைத்ததில்லை. என்னோடு பகிடிதான். அக்கா பெரிய மனுசி மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கை நீண்டது, மற்றக் கை அதில் அடித்தது. கையிலடித்துச் சத்தியம். சத்தம் எனக்குக் கேட்டது. யார் நீட்டியது, யார் அடித்தது என்று இலைகளுக்குள்ளால் சரியாகத் தெரியவில்லை. மாமாதான் அவளுக்கு ஏதோ சத்தியம் பண்ணிக் கொடுத்தார் என்று நான் முடிவு கட்டினேன்.

என்ன சத்தியம் என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. மதகுக்குப் போகிற நேரம் நான் சிமினி துடைத்து வைத்திருந்த லாம்பை அக்கா தூக்கிக்கொண்டாள்.

"இண்டைக்கு அக்கா பிடிக்கட்டும்" என்றார் மாமா.

அம்மாவும், அது விருந்தாளிப் பிள்ளையல்லோ, கொஞ்ச நாளைக்கு விட்டுக் குடன் என்றாள். கொஞ்ச நாள் என்றாள், விடுமுறை முழுக்க லாம்பு அவளிடம்தான். நான் பெண்களோடு போய்ப் பின்னுக்கு இருந்தேன். அங்கேயிருந்து பார்த்தால் நித்திரைக் கண்ணரின் முகத்தில் வெளிச்சம் ஏறுவதும் இறங்குவதும் தப்பித் தப்பி நடப்பது தெரிந்தது. சின்ன விரலைப் பார்க்கவே அவளுக்குத் தெரியாது. ஆனால் மாமா ஒன்றும் சொல்லவில்லை. சனத்தில் யாராவது, என்ன பிள்ளை, ரவுணிலை நீ பாத்த படத்திலையும் ஆள் இப்பிடித்தானோ என்று அக்காவைக் கேட்பார்கள். ஓம், வேறை படத்திலை இப்பிடித்தான் என்பாள். படத்தைக் கண்ணால் கண்ட ஆள் என்று இப்போது எல்லாருக்கும் அவள் சொல்வதுதான் வேதம். நான் நித்திரைக் கண்ணரை மாமாவின் முகத்தில் மட்டும் கண்டவள்தானே.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையாருக்கு, அக்காவின் பள்ளிக்கூடம் வேளைக்குத் தொடங்க வேண்டும் என்று கற்பூரம் நேர்ந்தேன். அவளுடைய தலைமயிர் மாதிரி எனக்கும் நீளமாக வளர வேண்டும் என்றும் இடையில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். இரண்டும் நடக்கவில்லை.

அப்போதுதான் படவண்டி வந்தது. அரசாங்கத்து வண்டி. கொலனி கொலனியாகப் போய், நுளம்புக் கடியால் காய்ச்சல் வருவதைப் பற்றியும் நெல்லுக்கு மருந்து அடிப்பதைப் பற்றியும் படம் காட்டுவார்கள். எங்களிடம் வருவது அதுதான் முதல் தரம். பள்ளிக்கூட வளவில் இரண்டு கமுகந்தடி நட்டு வெள்ளைச் சீலை கட்டினார்கள். வண்டியோடு வந்தவர் கட்டையான, மொட்டைத் தலை மனிதர். அவர் ஜெனரேற்றரை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தவர், கூட்டத்துக்குள் நின்ற மாமாவைக் கண்டுவிட்டார். ஓடிவந்து கட்டிப்பிடித்தார். எட, நீ இங்கையோ ஒளிச்சிருக்கிறாய் என்று முதுகில் அடித்தார். மாமாவின் கையை இழுத்துக்கொண்டுபோய் வண்டிக்குள் எதையோ காட்டி, "உன்ரை ஆடும் வந்திருக்கு" என்றார்.

மாமாவின் முகம் காய்ச்சல்காரர் முகம்போலப் போனது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. படவண்டிக்காரரே எங்கள் மாமாவுக்குச் சிநேகிதம் என்ற பெருமையில் அக்கா எங்கே நிற்கிறாள், இதைக் கண்டாளோ என்றுதான் தேடினேன். அவள் கண்டுவிட்டாள். மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நுளம்பு முடிந்தது. மருந்து அடித்து முடிந்தது. கடைசியில், பிள்ளைகளுக்காக ஒரு படம் என்று அறிவித்தார்கள். சீலையில் ஓர் ஆடு வந்து தையல் கடையைத் திறந்தது. கீறின உருவம் அசைவதை எங்களில் கனபேர் அன்றுதான் முதலில் பார்த்தோம். ஆடு துணியை வெட்டுவதாகக் காட்டிக்கொண்டு, வெட்டின துண்டைத் தின்றது. சிரிப்பு அடங்க முதலே கதவு திறந்தது. நீள முகம். பாதிக் கண். முழங்கால் மடியாத நடை. புருவம்.

நான் எழும்பிவிட்டேன். என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்துக்குள் நான் எழும்பிச் சத்தம் போட்டது அந்த ஒரு நாள்தான்.

"சின்ன மாமா!"

சீலையில் மாமாவைக் கீறி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைக்க? எனக்குப் பின்னால் சனமும், ஓமடா, நித்திரைக் கண்ணரடா என்று ஆர்ப்பரித்தது. எல்லாத் தலையும் சீலைக்கும் மாமாவுக்குமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. யாழ்ப்பாண ரவுணில் உண்மையான நடிகரைக் கண்ட அக்கா வாயை மூடிக்கொண்டிருக்க, முதலில் கண்டுபிடித்தது நான். மாமா இப்போது என்னைப் பார்ப்பார், லாம்பு எனக்குத் திரும்பி வரும் என்று அவரை எட்டிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

கோட்டு முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. சனத்தின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, குசுகுசுப்புக் கூடியது. கமக்கட்டுக்கு வந்தபோது, எங்கள் பக்கத்துக் காணிக்காரர் எழும்பி நின்றார். அவர் தமிழ்ப் படம் சொல்கிறவர். மாமா வந்த பிறகு அவருக்கு மதகில் ஆள் சேராமல் போனது.

"என்ன தம்பி, இது உம்மடை படமல்லோ" என்றார். "உம்மடை தையல்காரன் மனுசன். இதிலை ஆடு நிக்குது. எங்கை பாத்தனீர் அந்தப் படத்தை?"

மாமா புல்லைப் பிடுங்குவதை நிறுத்தவில்லை. சீலையில் ஆடு கடைசித் துணியையும் தின்றுவிட்டு ஒரு பொத்தானைத் துப்பியது. நித்திரைக் கண்ணர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு கதவால் வெளியே போனார். படம் முடிந்துவிட்டது. பொம்பிளை வரவில்லை.

அப்போது அக்கா எழும்பினாள்.

"நான் பாத்தனான், அப்பு, அந்தப் படம். ரவுணிலை ஓடினது. மாமா சொல்லுற மாதிரியேதான். தையல்காரன் மனுசன்தான், பொம்பிளையும் இருக்கிறா. நல்லா ஓடின படம் எண்டால், பிறகு அதைப் பகிடிக்கு ஆடு மாடு போட்டுக் கீறுவினம். பெரிய நடிகரைத்தான் அப்பிடிக் கீறுறது. கார்ட்டூனிலை நேரம் காணாது, அதாலை பொம்பிளையை வெட்டிப் போட்டினம்."

ஒரு நிறுத்தம், தயக்கம் ஒன்றும் இல்லாமல் சொன்னாள். சனம் பெருமூச்சு விட்டது. அதுதானே பார்த்தம், பொம்பிளையை வெட்டிப் போட்டாங்கள் பாவியள் என்று பெண்கள் ஏசினார்கள். படவண்டிக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பக்கத்துக் காணிக்காரரும், ரவுண் பிள்ளை சொன்னால் சரிதான் என்று இருந்துவிட்டார். வெட்டின பொம்பிளையை நீர் போட்டுக் காட்டும் தம்பி என்று யாரோ கேட்க, மாமா எழும்பினார். சீலைக்கு முன்னால், படவண்டியின் வெறும் வெளிச்சத்தில் நின்று அந்தக் கடைசி இடத்தை மட்டும் நடித்தார். பொத்தானை வாங்குகிற பொம்பிளையாகவும், கொடுக்கிற நித்திரைக் கண்ணராகவும். அதைப்போல அவர் அதற்கு முன்னும் நடித்ததில்லை, பின்னும் நடித்ததில்லை. முடித்ததும் அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு இன்றைக்கும் எழுதத் தெரியவில்லை. எனக்கு அப்படி ஒரு பார்வை கிடைக்க வேண்டுமென்று நான் எவ்வளவு காலம் சிமினி துடைத்தேன்.

நான் முதலில் கண்டுபிடித்ததை யாரும் நினைவில் வைக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் அக்கா லாம்பை என்னிடம் நீட்டி, இந்தா, நீயே பிடி, எனக்கு உன்னைப்போலை வராது என்றாள். எனக்கு வேண்டாம் என்றேன். இருட்டில் கல் இடறி விழுந்தும் வேண்டாம் என்றேன்.

அவள் ரவுணுக்குப் போனபிறகு லாம்பு எனக்கே வந்தது. மாமா படம் சொன்னார், நான் திரி ஏற்றினேன், இறக்கினேன். ஆனால் ஒவ்வொரு படம் முடியும்போதும், அக்கா இருந்தால் என்ன சொல்லுவாள் என்று அவர் யோசிப்பதாக எனக்குப் படும். அவள் ஒரு விடுமுறைக்கு வந்துவிட்டு என் மாமாவில் பாதியைக் கொண்டுபோய்விட்டாள் என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா, விசர்ப் பிள்ளை, மாமன் என்ன பேக்கரிப் பாணோ பாதியாய் வெட்டுறதுக்கு என்று சிரித்தாள்.

போன மாதம், பேத்தி அந்தப் போனில் தட்டத் தட்ட, கீறின நித்திரைக் கண்ணர் வந்துகொண்டே இருந்தார். ஒன்றில் யானைக்குப் பல்லுப் பிடுங்கும் டொக்டர். இன்னொன்றில் பொலிஸ்காரர், நரியோடு ஒரே கட்டிலில் நித்திரையாகிப் போகிறார். சின்ன மாமா மதகில் சொன்ன இங்கிலீசுப் படம் எல்லாம் அதுக்குள் இருந்தது. ஒன்று விடாமல் கார்ட்டூன். மாமா நரியைக் கள்ளன் ஆக்கியிருந்தார், ஆட்டைத் தையல்காரன் ஆக்கியிருந்தார், யானையைக் காசுக்காரன் ஆக்கியிருந்தார்.

"உண்மையான ஆளைக் காட்டு பாப்பம்" என்றேன்.

பேத்தி காட்டினாள். அழகான மனிதர். நிமிர்ந்து நிற்கிறார். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருக்கிறது. சிரிப்பே இல்லாத முகம். முழங்கால் எல்லாரையும்போல மடிகிறது. அவர் நடிக்கிற ஒரு துண்டைப் போட்டாள்; பாசை விளங்காமலே நான் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். அழப்பண்ணுற நடிகர் என்று அக்கா அன்றைக்குச் சொன்னது சரிதான்.

சின்ன மாமா இந்த மனிதரைக் கண்டதே இல்லை. அவர் துறைமுகத்தில் வேலை செய்யவும் இல்லை, அந்த மொட்டைத் தலை மனிதரோடு படவண்டியில்தான் ஜெனரேற்றர் தூக்கியிருக்கிறார். ஆட்டுப் படத்தைக் கொலனி கொலனியாகப் பார்த்துப் பார்த்து, அதற்கு ஒரு பொம்பிளையைத் தானே உண்டாக்கியிருக்கிறார். இவ்வளவும் அக்காவுக்கு மதகிலேயே தெரியும். மாமா குனிந்துகொண்டு கனநேரம் கதைத்தது அதைத்தான். பற்றைக்குள் இருந்த எனக்கு, மாமா அவளுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுப்பதாகத் தெரிந்தது. கையை நீட்டியது மாமா. அடித்துக் கொடுத்தது அவள்.

அவள் இப்போது கனடாவில் இருக்கிறாள். பொங்கலுக்குப் போன் எடுப்பாள். சீனிவருத்தம், முழங்கால் வருத்தம் எல்லாம் கதைப்போம். இதை மட்டும் அவள் ஒருநாளும் வாயால் விடவில்லை. மாமா போய் எவ்வளவோ காலம் ஆகியும் விடவில்லை. சத்தியத்தை அப்படிக் காப்பாற்றுகிறாள் என்று பேத்தி மெச்சுகிறாள். எனக்கு எரிகிறது. சண்டையில் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலுக்குள் கிடந்த காலத்தில், அழுத பிள்ளைகளுக்காக மாமா கடைசியாக எழும்பி நித்திரைக் கண்ணராக நடந்தபோது போத்தல் விளக்கைப் பிடித்தது நான். சின்ன விரல் நடுங்கியது. ஏற்றவா இறக்கவா என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கும் அவர் எனக்கு நடிப்பைத்தான் காட்டினார். உள்ளதைச் சொன்னது அவளுக்கு.

இவ்வளவுதான் எனக்கு எழுத வருகிறது. பிழை இருக்கலாம். பேத்தி தேடிப் பார்த்தாள், கோட்டுப் படம் என்று ஒன்று அகப்படவில்லை என்கிறாள். அவளுக்குத் தெரிந்தது போன் மட்டும்தான். பழைய இங்கிலீசுப் படங்களைப் பற்றி அறிந்தவர்கள் இந்த மலரை வாசித்தால் தயவுசெய்து ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ. தையல்காரன் மனுசனாக, பொம்பிளை வந்து பொத்தான் தைக்கிற படம் எங்கேயாவது இருந்தால் நான் எழுதியது முழுக்கப் பிழை. மாமா பார்த்தது உண்மை, அக்கா சொன்னதும் உண்மை. அப்படி ஏதும் தெரியவந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கோ. அக்காவுக்குச் சொல்ல வேண்டாம்.